வெண்காடன் என்னும் பிள்ளைத் திருநாமம்

மக்கட்குப் பெயரிடுதல் நாமகரணம் என ஒரு சடங்காக நூல்களால் விதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் விதி நோக்கி இடும் பெயர் வேறு. அன்பு மேலிட்டு இடும் பெயர் வேறு. திங்களூர் அப்பூதியடிகள், திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் காணுமுன்னரே, தம் புதல்வர்க்கும், மனையிலுள்ள அளவை நிறைகோல்களுக்கும், ஆவிற்கும் எருமைக்கும் அப்பெயரையே சாத்தி மகிழ்ந்தனர் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தார். அன்பினால் இடும் பெயர் எத்தன்மையது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடியார் பெயரைப் போலவே தலத்தின் பெயரும் பிள்ளைப் பெயராதல் தமிழ்நாட்டுத் தொல்வழக்கு. ஆரூரன் என்பது சுந்தரமூர்த்தி சுவாமிகளின் இயற்பெயர். சிதம்பரம், அண்ணாமலை, அருணாசலம், விருத்தாசலம், பழனி என்பன இன்றும் ஊர்தோறும் கேட்கப்படுவன. இவற்றினிடையே, மூவர் பாடலும் பெற்ற பெருந்தலமாகிய திருவெண்காட்டின் பெயர் மட்டும் மக்கட் பெயராக மிக அருகியே காணப்படுகின்றது. அருகிய அப்பெயர் சைவ வரலாற்றின் மூன்று பெருநிகழ்ச்சிகளில் வந்து நிற்பதும், மூன்றிடத்தும் ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தியோடு கலந்தே வருவதும் ஊன்றி நோக்கத்தக்கன.

திருவெண்காடு, சீகாழிக்குத் தென்கிழக்கே, காவிரிப்பூம்பட்டினத்திற்கு அண்மையில், இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. திருஞானசம்பந்தர் பதிகம் மூன்றும், அப்பர் பதிகம் இரண்டும், சுந்தரர் பதிகம் ஒன்றும் உடையது. வெண்மையும் காடும் கூடிய இப்பெயரே வடமொழியிற் சுவேதாரணியம் எனவும் சுவேதவனம் எனவும் மொழிபெயர்க்கப்பட்டது. அயிராவதமாகிய வெள்ளானை வழிபட்டமையால் இப்பெயர் வந்தது என்று தல வரலாறு கூறும். ஆலங்காடு, சாய்க்காடு, மறைக்காடு, தலைச்சங்காடு எனக் காட்டின் பெயரால் வழங்கும் தலங்கள் சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் பல உள. அவற்றுட் சாய்க்காடு சாயாவனமும், மறைக்காடு வேதாரணியமும் ஆனவாறே வெண்காடு சுவேதவனமாயிற்று என்க. தேவாரத்தில் ஊர்க்குரிய வடிவம் வெண்காடு என்பதே. ஆண்டெழுந்தருளிய இறைவனையும் வெண்காடன் என்றே ஆசிரியர் விளிப்பர். ஆகவே, பிள்ளைக்கு வெண்காடன் எனப் பெயரிட்டோர் ஊரின் பெயரை இட்டதோடு அமையாது, இறைவன் திருப்பெயரையே இட்டனராவர்.

வான்மீகி முனிவர் ஆரணிய காண்டத்திற் கரன் வீழ்ந்தமைக்கு, சுவேதாரணியத்தில் உருத்திரனால் எரிக்கப்பட்ட அந்தகனை உவமை கூறினர். அச் சுவேதாரணியம் இத்தலமே எனக் கொண்டு, வடமொழிப் பெயரே முந்தியது என்பாரும் உளர். அந்தகனைச் செற்ற வீரட்டானம் திருக்கோவலூர் என்பது தமிழ்நாட்டுத் துணிபு. வெண்காட்டில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவதோ மருத்துவன் என்னும் அசுரன் இடபதேவரை ஊறுபடுத்தியதும், அதுபற்றி இறைவன் அகோர மூர்த்தியாய் எழுந்ததும் ஆகும். இரண்டையும் ஒன்றாக்கி ஊர்ப்பெயரின் காலத்தை நிறுவ முயலுதல் பொருந்துவதன்று.

இனி, இத்தலத்திற்கும் பிள்ளைப் பேற்றிற்கும் உள்ள தொடர்பு முக்குளத்தினின்றே தொடங்குகின்றது. அக்கினி, சூரியன், சந்திரன் ஆகியோர் பெயராற் குறிக்கப்படும் மூன்று குளங்கள் கோயிலினுள் உள்ளன. சிலப்பதிகாரத்துக் கனாத்திறமுரைத்த காதையிலே தேவந்தி என்பாள் கண்ணகிக்குச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுமாறு கூறுகின்றாள். அவை வெண்காட்டு முக்குளத்துள் இரண்டே என்று கொள்வர். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என மறுத்துவிட்டாள் என்பது யாவரும் அறிந்தது. அவ்வாறாயின், திருஞானசம்பந்தர் காலத்திற்கு முன்னரே, வேண்டுவன பெறற்பொருட்டு மக்கள் இந்நீர்த்துறைகளை நாடினர் என்பது போதரும். ஆளுடைய பிள்ளையார் இரண்டாந் திருமுறையிற் சீகாமரப் பண்ணில் அருளிய பதிகத்தின் இரண்டாம் பாட்டில், இம்முக்குள நீராடுவார்க்குப் பிள்ளைப் பேறு முதலியன உளவாம் என உறுதி கூறினார். பின்னர் நிகழ்ந்த பெருநிகழ்ச்சி ஒன்று இவ்வொரு பாட்டின்மேல் நின்றதே.

அதற்குமுன் இப்பெயர் தாங்கிய மற்றிருவரையும் கருதுதல் வேண்டும்.

முதல்வர் ஒரு பெண்மணியார். திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்ட நாயனாரின் மனைவியார் திருப்பெயர் திருவெண்காட்டு நங்கை என்பது. பெரியபுராணத்திலே நாயன்மாரின் மனைவியர் பலர் பெயர் கூறப்படாதே நிற்கின்றனர். நள்ளிரவில் நனைந்துவந்த அடியார்க்கு விதைநெல்லைக் கொண்டு அமுதட்ட இளையான்குடிமாற நாயனாரின் இல்லக் கிழத்தியார் பெயர் தெரிந்திலது. இயற்பகையாரின் மனைவியார் பெயரும் அவ்வாறே. அத்தகைய நூலில், இவ்வம்மையாரைச் சேக்கிழார் பெயர் சுட்டிக் கூறியது கருதற்பாலது. இவர்தம் பெற்றோர் வெண்காட்டிறைவனிடத்து அன்புடையார் என்பதற்கு இப்பெயரே சான்று. வாதாவி எறிந்த படைத்தலைவராகிய பரஞ்சோதியாரை மணந்து, சீராளன் என்னும் ஒரு மகவைப் பெற்று, வயிரவ வேடத்தார் ஒருவர் விரும்பிய வண்ணம் அம்மகவைத் தம் மடியிற் கிடத்திக் கால்களைப் பற்றியிருந்த அவ்வம்மையாரின் செயல் படிப்போர் நெஞ்சை நடுங்கச் செய்வது. கூறாது கடந்து போதலே அதற்குச் செய்யும் மரியாதை போலும்.

மாணிக்கவாசகப் பெருமான் கீர்த்தித் திருவகவலில், இறைவன் வெண்காட்டில் விருந்தினனாய் வந்து குருந்தமரத்தடியில் இருந்த செய்தியைக் குறிப்பிடுகின்றார். வெண்காட்டின் பெயர் பூண்ட அம்மையாரின் இல்லத்திற்கும் அவ்விறைவன் விருந்தினனாகவே வந்தனன். இவ்வொற்றுமையைச் சேக்கிழார் கருதினாரோ, இன்றோ, அறுதியிட இயலாது. ஆயினும் திருவாசகத்தில் ஆழ்ந்து பழகிய அவர்க்கு அது தோன்றாதிருத்தல் அரிது.

சிறுத்தொண்டர் வரலாற்றினின்று இரண்டு பெயர்கள் மக்களிடையே பெருக வழங்கலாயின. மகவின் பெயராகிய சீராளன் என்பது ஒன்று. அடியாராய் வந்த இறைவனின் பெயராகிய உத்திராபதி என்பது மற்றொன்று. தஞ்சை வட்டாரத்தில் உத்திராபதி என்னும் பெயருடையார் மிகப் பலர். தாயின் பெயரோ வழக்கிற் பரவவில்லை. மங்கையர்க்கரசி, திலகவதி, புனிதவதி என்னும் பெயர்களை விரும்பித் தம் பெண்மக்கட்கு இடும் சைவர், வெண்காட்டு நங்கை என்பதனை இடுதல் காண்டற்கரிது. தாயர் உள்ளம் அப்பெயரை அஞ்சியிருத்தல் கூடும். அஞ்சினும் அவ்வம்மையாரை மறந்தாரல்லர். திருச்செங்காட்டங்குடியிற் சித்திரைப் பரணியில் நிகழும் அமுதுபடையல் விழாவிற் சீராளங்கறி என்னும் நிவேதனத்தைப் பிள்ளைப் பேறு வேண்டும் மகளிர் பெற்று உண்ணுகின்றனர்.

இரண்டாமவர் பட்டினத்தடிகள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலத்திற் சிவநேசர்க்கும் ஞானகலைக்கும் பிறந்த இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் திருவெண்காடர் என்பது அவர்தம் வரலாறு கூறுவது. ஊர்க்கு அண்மையிலுள்ள தலத்தின் பெயரைப் பிள்ளைக்கு இட்டது இயல்பே. பதினோராந் திருமுறையில் ஐந்து பிரபந்தங்கள் அருளிய பட்டினத்துப் பிள்ளையாரும், பிற்காலத்துப் பொதுப்பாடல்களுக்கு உரியவரும் ஒருவரல்லர் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் கொண்ட முடிபு. இருவர் செய்தியும் ஒரு வரலாற்றிற் கலந்தமையின், திருவெண்காடர் என்னும் பெயர் அவருள் யார்க்கு உரியது என்று வரையறுத்தல் எளிதன்று. திருமுறைப் பிரபந்தங்கள் ஐந்தும் தில்லை, கழுமலம், இடைமருது, ஏகம்பம், ஒற்றியூர் என்னும் தலங்களைப் பற்றியனவே. வெண்காட்டின்மேல் ஒன்றேனும் இல்லை. பிள்ளைப் பெயரைத் தந்த தலத்தை ஒரு நூலாற் பாடாது விட்டது வியப்பிற்குரியது.

வரலாற்றிலே வரும் திருவெண்காடர்க்கு மகப்பேறில்லை. திருவிடைமருதூரிற் சிவசருமர் என்னும் அந்தணர் கொணர்ந்து தந்த மருதவாணர் என்னும் குழந்தையைப் பொன்கொடுத்துப் பெற்று வளர்த்தனர். அம்மகன் கடல் வாணிகஞ் செய்து மீண்டு, காதற்ற ஊசியொன்றையும் ஓலையொன்றையும் பேழையில் வைத்துக் கொடுத்து மறைந்தனன். அன்றே வெண்காடர் மனையையும் பொருளையும் நீத்துக் கோவணத்தினராய் வெளியேறினர். அவர் நீத்தவற்றுள் அப்பெயரும் ஒன்று. அதன்பின் அவர் பட்டினத்தாரே, வெண்காடர் அல்லர்.

மூன்றாவது நிகழ்ச்சியே சித்தாந்த சைவர்க்கு மிகவும் உரியது. திருப்பெண்ணாகடத்தில் வேளாளர் மரபில் வாழ்ந்த அச்சுத களப்பாளர் நெடுங்காலம் மகவின்றி வருந்தித் தம் குல குருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். அவர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்குமாறு பணிக்க, முன்னர்க் கூறிய முக்குளத்துப் பாட்டே வந்துற்றது. களப்பாளர் தம் மனைவியாருடன் வெண்காடு சென்று, நாடோறும் முக்குளத்தில் மூழ்கி வழிபட்டனர். இறைவன் கனவிலே தோன்றி, இப்பிறவியிற் பிள்ளைப் பேறு நினக்கில்லை என்றனன். களப்பாளரோ, தாம் சம்பந்தப் பெருமான் திருவாக்கை நம்பி வந்தமையை விண்ணப்பித்தனர். தன் விதியினும் தன் அடியான் வாக்கே வலியது எனக் கொண்ட இறைவன், சம்பந்தனைப் போன்ற ஒரு புதல்வன் பிறப்பான் என அருள்செய்து மறைந்தனன். அவ்வாறு பிறந்த பிள்ளைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர்.

இப்பெயரிற் பெருமாள் என்னும் சொல்லைக் கண்டு மருள வேண்டுவதில்லை. இக்காலத்து அது திருமாலுக்கே உரியதுபோல் வழங்கினும், அந்நாளில் அரசர்க்கும் கடவுளர்க்கும் பொதுவாய் நின்றது. சேரமான் பெருமாள் நாயனார் என்னும் பெயரே அதற்குப் போதிய சான்றாம். வெண்காட்டிலுள்ள பெருமான் என்பதே பொருள். தேவாரப் பாட்டினாற் பெற்ற பிள்ளைக்குத் தேவாரத்திலுள்ளவாறே வெண்காடன் என்று இடாது, வடமொழி வடிவை இட்டது என்னை எனின், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோயில் வழக்கில் அவ்வடிவமே மதிப்புடையதாய் வேரூன்றிவிட்டது போலும். வீட்டில் அழைத்த பெயர் வெண்காடன் என்பதேயாகவும் கூடும். எனினும் சிவஞானபோதச் சிறப்புப் பாயிரம் சுவேதவனன் என்னும் வடிவையே காட்டுதலின், இப்பிள்ளைக்கு வழங்கிய பெயர் அதுவே எனக் கொள்ளுதல் முறை.

பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் மாமனார் மனையில் வளர்ந்து வருங்கால், கயிலையினின்றும் பொதியிலுக்கு எழுந்தருளிய பரஞ்சோதி முனிவர் அதன் பக்குவங் கண்டு, மூன்றாம் ஆண்டிலே உபதேசஞ் செய்து, தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசினிகளின் பெயரைத் தமிழாக்கி மெய்கண்டார் எனத் தீட்சாநாமஞ் சூட்டினர். சத்தியம் என்பது மெய். ஞான தரிசனம் என்பது காணுதல். இவ்விடத்து இரண்டு செய்திகள் உளங்கொளத்தக்கன. ஒருவர் வாழ்விலே தமிழ்ப்பெயர் ஒன்று வடமொழியிலும், வடமொழிப் பெயர் ஒன்று தமிழிலும் பெயர்க்கப்பட்டன. தந்தையார் வெண்காட்டைச் சுவேதவனமாக்கினர்; ஞானத் தந்தையார் சத்தியஞான தரிசினியை மெய்கண்டாராக்கினர். கயிலையினின்றும் வந்த முனிவர் தமிழிற் பெயர் சூட்டினார் என்பதனைத் தமிழர் எத்துணை முறை நினைப்பினும் தகும்.

மற்றொன்று, தமிழ்நாட்டார் பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடுவர். அதுபற்றியே மகன் மகனைப் பெயரன் என்பர். பரஞ்சோதியார் தம் ஆசிரியர் பெயரைத் தம் மாணாக்கர்க்கு இட்டமையால், ஞானப் பாட்டனார் பெயரே ஞானப் பெயரனார்க்கு வந்தது. அகச்சந்தானத்தின் முடிவும் புறச்சந்தானத்தின் முதலும் உலகியலிலுள்ள இவ்வெளிய வழக்கத்தினாலே பிணிக்கப்பட்டன. துறவோர் பரம்பரையைக் குடும்பக் கொடிவழி போலக் கருதிய அக்காலத்தார் மனப்பான்மை இதனால் விளங்கும்.

பின் நிகழ்ந்ததும் பெயரின் வரலாறே. இப்பிள்ளை பிறத்தற்குக் கயிறு சாத்திக் காட்டிய சகலாகம பண்டிதர், தாம் குல குருவாயிருந்தும் சிறுவர் தம்மை வந்து வணங்காமைக்கு வெகுண்டு, வெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாது என வினவினர். மெய்கண்டார் அவரை அடிமுதல் முடிவரை நோக்கி நின்றனர். நின்ற நிலையே ஆணவத்தின் வடிவென உணர்ந்த பண்டிதர் அத்திருவடியில் வீழ்ந்து அருணந்தி என்னும் பெயர் பெற்றனர். அவர் இருபாவிருபஃதில் தம் ஆசிரியரை வெண்ணெய்நல்லூர் மெய்கண்டான் என்றே போற்றுவர். கயிறு சாத்திய நாள்தொட்டு அறிந்த பிள்ளைப் பெயரை அவர் அங்குக் கூறாது விட்டனர். உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணம் இயற்றிய கி. பி. 1313 அளவிலே மெய்கண்டார் என்பது ஒரு பரம்பரைக்கே பெயராகிவிட்டது. சுவேதவனப் பெருமாள் என்னும் பெயர் வரலாறு கற்போர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாததாயிற்று.

இப்பெயர் மக்களிடையே பரவாமைக்குரிய முதற் காரணம் இதனாற் புலப்படும். அதனைத் தாங்கிய ஆடவர் இருவரும் வேறு பெயராற் புகழ்பெற்றனர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் பெயரை விரும்பியிடுவார் போல, மெய்கண்டார்பால் அன்புடையார் தம் மக்கட்கு மெய்கண்டான் என இடுவரேயன்றி, அவர் விட்ட பெயரைத் தேடியெடுத்து இடார்.

இரண்டாவது காரணம் ஒலி பற்றியது. அண்ணாமலை அருணாசலமாகவும், முதுகுன்றம் விருத்தாசலமாகவும், மறைமலை வேதாசலமாகவும் மாறியபோது அம்மாற்றங்கள் நாவுக்கு இடர் தரவில்லை. புதுமைப்பித்தன் என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற எழுத்தாளர் (1906–1948) இயற்பெயராற் சொ. விருத்தாசலமேயாவர். சுவேதாரணியம் என்பதோ பேச்சில் எளிதிற் சிதைவது. தஞ்சை நாட்டிற் சில குடும்பங்களில் அது முப்பாட்டன் காலந்தொட்டு வழங்கி வரினும், வெளியூர்களிற் பரவும் எளிமை அதற்கில்லை. வேதாசலம் என்னும் பெயரினர் 1916இல் அதனை மறைமலை எனத் தமிழாக்கி மறைமலையடிகளாய் (1876–1950) விளங்கிய பின்னர், வடமொழிப் பெயர்களைத் தமிழாக்கிக்கொள்ளும் விருப்பம் கற்றாரிடையே எழுந்தது. வெண்காடன் என்பதனை ஆக்கவும் வேண்டுவதில்லை. அது தேவாரத்தில் ஆயத்தமாகவே இருந்தது. ஆயினும் அக்காலத்தார் பெரும்பாலும் சங்கநூற் பெயர்களை நாடினரேயன்றிக் காட்டின் பெயர் கொண்ட தலங்களை நோக்கினாரல்லர்.

மேலும், பிற்காலத்தில் ஊர்ப்பெயர் இயற்பெயராதல் குறைந்து, இயற்பெயர்க்கு முன்னொட்டாய் நிற்றல் மிகுந்தது. நாகசுர வித்துவானாகிய திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை பெயரில் வெண்காடு அவ்வாறு நின்றது. தலத்தின் பெருமையும் இந்நாளில் வேறொரு வழியிற் பேசப்படுகின்றது. ஒன்பான் கோள்களுட் புதனுக்குரிய தலம் எனக் கருதிக் கல்வியும் தொழிலும் வேண்டுவோர் பலர் வருகின்றனர். முக்குளத்தில் மூழ்கிப் பிள்ளை வேண்டுவோர் வருகையும் அற்றுப்போகவில்லை. பெற்ற பிள்ளைக்கு அவர் இடும் பெயரோ பிறந்த நாண்மீனுக்கு இயைந்த எழுத்தை முதலாகவுடைய ஏதோ ஒரு பெயராயிருக்கின்றது.

திருவெண்காட்டுக் கோயிலிற் பிள்ளையிடுக்கி அம்மன் என்னும் திருவுருவம் ஒன்றுண்டு. ஆளுடைய பிள்ளையார் இத்தலத்தெல்லையை அடைந்தபோது நிலமெங்கும் சிவலிங்கமாய்த் தோன்ற, அடிவைக்க அஞ்சி அம்மையை அழைத்தனர் என்றும், பெரியநாயகியம்மை எழுந்தருளி அவரை இடுப்பில் எடுத்துக்கொண்டு கோயிலினுட் புகுந்தனர் என்றும் தல வரலாறு கூறும். பிள்ளை வரம் வேண்டி வருவோர் முக்குளத்தில் நீராடியபின் அத்திருமுன் நின்று வணங்கிச் செல்கின்றனர்.